கம்பி போனாலும் நம்பர் போகலாமா?

நம் வீட்டுக் கூடத்தில் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு முக்காலி உண்டு. அந்த முக்காலியின்மேல் முப்பத்தைந்து வருஷங்களுக்கு அதிகமாக ஒரு டெலிபோன் கொலுவீற்றிருக்கிறது. 1986-ஆம் வருஷத்தில் அது நம் இல்லத்துக்கு எழுந்தருளியபோது, சந்தனமும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் கொளுத்தி வரவேற்றோம் என்று சொன்னால் இக் காலத்து இளைஞர்கள் நகைப்பார்கள். விண்ணப்பம் போட்டு ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற வஸ்துவுக்கு வேறு எவ்விதமாக மரியாதை செய்வது?

அந்நாளில் நமது தெருவில் டெலிபோன் உள்ள வீடு நம்முடையது ஒன்றுதான். தெருவில் பாதிப்பேர் தங்கள் கலியாணப் பத்திரிகைகளில் நமது நம்பரை அச்சிட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்துக்களைப் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு அழைப்பு வந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓடிப்போய்க் கூட்டி வருவார்கள். பிரசவச் செய்தியும், உத்தியோகச் செய்தியும், மரணச் செய்தியும் நம் கூடத்து முக்காலிக்கு வந்த பிறகே அந்தந்த வீட்டுக்குப் போயின.

நம்பரோ வளர்ந்துகொண்டே வந்தது. சென்னை நகரத்து நம்பர்களெல்லாம் ஆறு இலக்கமாயிருந்து, ஏழாகி, பின்னர் முன்னால் ஒரு 2 சேர்ந்து எட்டாயின. தலையில் மகுடம் ஏறினாலும் வால் மாறவில்லை. யந்திரத்தையும் நடுவில் ஒரு முறை மாற்றினோம். சுழற்றுவது போய் அமுக்குவது வந்தது.

இப்படிப்பட்ட டெலிபோனுக்குத்தான் சமீபத்தில் ஒரு மாலை ஆபத்து வந்தது. நம் புதல்வன் வீட்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

"அப்பா, சென்ற மாதம் இந்த யந்திரம் எத்தனை தடவை மணி அடித்தது தெரியுமா? பதினொரு தடவை. கடன் வேண்டுமா என்று கேட்டவர்கள் நால்வர். மனை வாங்குகிறீர்களா என்று கேட்டவர்கள் இருவர். தவறான நம்பர் ஒன்று. பாக்கி நான்கும் பாட்டிக்கு. இதற்காக மாதா மாதம் பணம் கட்ட வேண்டுமா? வீட்டில் ஆளுக்கு ஒரு கைபேசி இருக்கிறது. இன்டர்நெட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதை எடுத்துவிடலாம்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. நாம் பதில் சொல்வதற்குள் சாய்வு நாற்காலியிலிருந்து நம் அத்தையின் குரல் வந்தது.

"அந்த நாலு எனக்கு வருகிறதுதானே அப்பா? அது யாரிடமிருந்து என்று எழுதினாயா?"

அது கும்பகோணத்திலிருந்து வருவது. அத்தைக்கு வயது எண்பத்து நான்கு. அவருடன் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படித்த சிநேகிதி அங்கே தனியாக இருக்கிறார். கூட ஒரு வேலைக்காரப் பெண் பகலில் மட்டும் இருப்பாள். அந்த அம்மாளுக்குக் கண் பார்வை போய்ச் சில வருஷங்களாகின்றன. வெள்ளிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்கு, விரல்களாலேயே பொத்தான்களைத் தடவிப் பார்த்து நமது நம்பரை அழைப்பார்.

"பாட்டி, உங்கள் சிநேகிதியை இனிமேல் என் கைபேசியிலிருந்து நீங்களே கூப்பிடலாமே?" என்றான் பையன்.

"நான் கூப்பிடலாம், அப்பா. ராத்திரி அவளுக்கு உடம்பு முடியாமல் போனால் அவள் யாரைக் கூப்பிடுவாள்? புது நம்பர் ஒன்றை நாலு வாரம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். நாலு வாரமும் மறந்துவிட்டாள். அவளுக்கு நெஞ்சில் இருப்பது இந்த ஒரு நம்பர்தான்."

பையன் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தான். கம்பி போகலாம், இன்டர்நெட் இருக்க வேண்டும், நம்பர் போகவே கூடாது. இது சாத்தியமா? இந்தக் கேள்வி நம் வீட்டில் மட்டும் எழுவதன்று. ஆகவே நாம் விசாரித்து அறிந்தவற்றை நேயர்களுக்கும் சொல்வது உபயோகமாயிருக்கும் என்று நினைக்கிறோம்.

தலைமையாசிரியரின் அனுபவம்

விசாரணையை நமது தெருக்கோடியில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வீட்டிலிருந்தே ஆரம்பித்தோம். அவர் நமக்கு ஒரு வருஷம் முந்தியே தமது டெலிபோனை எடுத்தவர். 'கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்; நம்பரைக் கைபேசிக்கு மாற்றிக்கொள்வோம்' என்பது அவருடைய யோசனை. ஒரு காலை வேளையில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். கம்பியைத் துண்டித்த அன்றைக்கே இன்டர்நெட்டும் நின்று போயிற்று. ஏனெனில் அதுவும் அதே கம்பியில்தான் வந்துகொண்டிருந்தது. நம்பரைக் கேட்கப் போனபோது, "தாங்கள் ஒப்படைத்துவிட்டீர்களே, ஐயா" என்று சொல்லிவிட்டார்கள்.

இன்டர்நெட் நாலு நாளில் வேறு வழியாக வந்தது. நம்பர் வரவில்லை. அவருடைய நாற்பது வருஷ நண்பர் ஒருவர் நாகபுரியில் இருந்தார். அந்த நண்பர் காலமானபோது அவர் மனைவி பழைய டயரியைப் பார்த்து அழைத்திருக்கிறார். அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த குரல் சொல்லியிருக்கிறது. தலைமையாசிரியருக்குச் செய்தி தபாலில் வந்து சேர்ந்தபோது பதின்மூன்றாம் நாளும் கடந்துவிட்டது. "பிசகு என்னுடையதுதான்" என்று அவர் நம்மிடம் சொன்னார். "முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தேன், கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன்."

நம்பர் என்பது யாது?

அவர் செய்த பிசகு எளிதில் எவரும் செய்யக்கூடியது. நம்பர் நமக்குச் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். ஆதியில் அது நமக்குச் சொந்தமாயில்லை, கம்பிக்குச் சொந்தமாயிருந்தது.

அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் டெலிபோனுக்குப் பேடண்டு உரிமை பெற்றது 1876-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில். நம் தேசத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882-ல் டெலிபோன் நிலையங்கள் திறக்கப்பட்டன. தொடக்கத்தில் அமெரிக்காவில் சந்தாதாரர்களுக்கு நம்பரே கிடையாது. 'இன்னார் வீட்டைக் கொடுங்கள்' என்று பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் லோவெல் என்ற ஊரில் 1879-ல் மணல்வாரி நோய் பரவியபோது, அங்கேயிருந்த டாக்டர் ஒருவர் பயந்தார். நிலையத்தில் வேலை செய்வோர் அனைவரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால், புதிதாக வருகிறவர்களுக்கு எந்தத் துவாரம் எவருடையது என்று எப்படித் தெரியும்? ஆகவே ஒவ்வொரு துவாரத்துக்கும் ஓர் எண் கொடுங்கள் என்று அவர் சொன்னாராம். டெலிபோன் நம்பர் இவ்வாறு பிறந்ததாக வரலாறு.

எனவே நம்பர் என்பது நிலையத்துப் பலகையில் நம் வீட்டுக் கம்பி வந்து சேரும் இடத்தின் அடையாளம். வீட்டுக் கதவு இலக்கத்தைப் போன்றது அது. வீட்டைக் காலி செய்துவிட்டுக் கதவு இலக்கத்தைக் கையில் எடுத்துப் போக முடியுமா? ஒரு நூற்றாண்டுக் காலம் முடியாமல்தான் இருந்தது.

பின்னர் டெலிபோன் நிலையங்கள் கணிப்பொறிகளால் இயங்கத் தொடங்கின. நம்பர் ஓரிடம், கம்பி ஓரிடம் என்று பிரித்து வைத்து, இந்த நம்பரை இப்போது எங்கே அனுப்ப வேண்டும் என்பதை ஒரு பெரிய பேரேட்டில் எழுதி வைத்தால் போதும் என்று ஆயிற்று. அழைப்பு வரும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரேட்டைக் கணநேரத்தில் பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள். கதவு இலக்கமாயிருந்தது மனிதனுடைய பெயர்போல் ஆகிவிட்டது. ஊர் மாறினாலும் பெயர் மாற வேண்டியதில்லை அல்லவா?

பிற தேசங்களில்

அமெரிக்காவில் 1996-ஆம் வருஷத்துச் சட்டம் நம்பரைக் கொண்டுபோகும் உரிமையைச் சந்தாதாரருக்குக் கொடுத்தது. 2003 நவம்பர் மாதம் 24-ந் தேதியிலிருந்து பெரிய நகரங்களில் வீட்டு நம்பரைக் கைபேசிக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பட்டது. இன்று அங்கே வயது வந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் வீட்டில் கம்பி டெலிபோன் இல்லாமல் கைபேசியோடு மட்டும் வாழ்கிறவர்கள். அத்தேசத்து அதிகாரிகள் ஜனங்களுக்கு விடாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. புதிய கம்பெனி நம்பரை வாங்கிக்கொள்ளும் வரையில் பழைய கம்பெனியின் தொடர்பை ரத்து செய்யாதீர்கள் என்பதே அது. நம் தலைமையாசிரியர் சொன்னதும் இதுவேதான்.

பிரிட்டனில் செப்புக் கம்பியில் இயங்கும் பழைய டெலிபோன் முறையையே அடியோடு எடுத்துவிடத் தீர்மானித்து, முதலில் 2025 இறுதி என்றும், பின்னர் 2027 ஜனவரி என்றும் தவணை வைத்தார்கள். தவணை தள்ளிப்போனதற்கு முக்கியமான காரணம் வயோதிகர்கள். அங்கே தனியாக வசிக்கும் முதியோர் பலர் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டிருப்பார்கள். விழுந்துவிட்டால் அதை அமுக்கினால் போதும். டெலிபோன் வழியாக உதவிக்குச் செய்தி போகும். புதிய முறைக்கு மாற்றியபோது அக் கருவிகள் சில வேலை செய்யவில்லை. 2023 டிசம்பரில் கம்பெனிகள் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைத்தன. கும்பகோணத்து அம்மாளைப் போன்றவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள்.

நம் தேசத்தில்

நம் தேசத்தில் நிலைமை வேறு. கைபேசி நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து மற்றொரு கம்பெனிக்குக் கொண்டு போகும் உரிமை 2010 நவம்பரில் ஹரியானாவில் ஆரம்பமாகி, 2011 ஜனவரியில் தேசம் முழுவதற்கும் வந்தது. 2015 ஜூலையிலிருந்து மாகாணம் மாறினாலும் நம்பர் மாற வேண்டியதில்லை என்றாயிற்று. ஆனால் இவையெல்லாம் கைபேசிக்குத்தான். வீட்டு டெலிபோன் நம்பரைக் கைபேசிக்குக் கொண்டு போக நம் நாட்டில் வழியில்லை. சென்னைக்கு 044 என்பதுபோல வீட்டு நம்பர் ஊரின் குறியோடு பிணைந்தது. கைபேசி நம்பருக்கோ ஊர் கிடையாது. தலைமையாசிரியர் அறியாது போனது இதைத்தான்.

பின் என்ன வழி? கம்பெனியை மாற்றாமல் கம்பியை மட்டும் மாற்றுவது ஒரு வழி. 2000-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பாரத் சஞ்சார் நிகாம் என்ற சர்க்கார் ஸ்தாபனம், செப்புக் கம்பியிலிருந்து கண்ணாடி இழைக்கு மாறும் சந்தாதாரர்கள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அந்த இழையில் இன்டர்நெட்டும் வரும்; டெலிபோனும் வரும். வேறு கம்பெனிக்குப் போனால் நம்பர் புதிதாகத்தான் இருக்கும். பழைய நம்பருக்கு வரும் அழைப்பைக் கைபேசிக்குத் திருப்பிவிடலாம் என்றால், பழைய தொடர்பு உயிரோடு இருக்கும் வரையில்தான் அந்த உபாயம் செல்லும்.

கண்ணாடி இழையின் விஷயத்தில் நாம் பெருமைப்படவும் இடமுண்டு. பாஞ்சாலத்தில் மோகா என்னும் ஊரில் 1926-ல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஆராய்ச்சி செய்து, வளைந்த கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தை அனுப்பலாம் என்று 1954-ல் உலகத்துக்குக் காட்டினார். 2020-ல் அவர் காலமானதன் பின்னர் நம் சர்க்கார் பத்ம விபூஷண் அளித்தனர். சுதந்திரம் வந்த மறு வருஷமே பெங்களூரில் டெலிபோன் தொழிற்சாலை தோன்றியதும், 1986-ல் கர்நாடகத்துக் கிட்டூரில் நம்மவர்களே அமைத்த கிராம டெலிபோன் நிலையம் வேலை செய்யத் தொடங்கியதும் இந்தக் கதையின் மற்ற அத்தியாயங்கள். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஏறத்தாழ 5 கோடி வரை ஏறிய கம்பி டெலிபோன்கள் 2020-ல் 2 கோடிக்குக் குறைந்து, கண்ணாடி இழை வந்த பிறகு 3 கோடிக்கு மேல் ஏறியிருக்கின்றன. போய்விட்டது என்று எண்ணிய டெலிபோன் இன்டர்நெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

எது முன், எது பின்?

மாற்ற விரும்பும் குடும்பத்தினர் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தற்போது இன்டர்நெட் எதன் வழியாக வருகிறது என்று பாருங்கள். செப்புக் கம்பியில் குரல் செல்வது வினாடிக்கு 300 முதல் 3,400 அதிர்வுகளுக்குள். இன்டர்நெட் செல்வது 25,000 அதிர்வுகளுக்கு மேலே. ஒரே பாதையில் கீழே நடப்போரும் மேலே பறப்போரும் போல இரண்டும் இடிக்காமல் போகின்றன. பாதையை வெட்டினால் இரண்டும் நின்றுவிடும். இன்டர்நெட் கணக்கு அந்த டெலிபோன் நம்பரின் பேரிலேயே இருப்பதும் உண்டு.

இரண்டாவது, கண்ணாடி இழை உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறதா என்பதையும், அதே நம்பர் கிடைக்குமா என்பதையும் விசாரித்து, 'பழைய நம்பரே வேண்டும்' என்று விண்ணப்பத்தில் எழுத்து மூலமாகக் குறிப்பிட்டுப் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஒப்படைப்பு' என்ற சொல் இருக்கும் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள்.

மூன்றாவது, பழைய பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். டெலிபோன் வீட்டில் காலமான பெரியவர் பேரில் இருந்தால், பேரை மாற்றிய பிறகே மற்றக் காரியம். இதில்தான் பல வீடுகளில் மாதங்கள் கழிகின்றன.

நான்காவது, புதிய இழையில் பழைய நம்பர் மணி அடிப்பதை உங்கள் காதாலேயே கேட்ட பிறகு, செப்புக் கம்பிக்கு விடை கொடுங்கள். வைப்புத் தொகை ஏதேனும் திரும்ப வரவேண்டியிருந்தால் அப்போது கேட்டுப் பெறலாம். சுழற்றும் டெலிபோன் வைத்திருப்போர் பொத்தான் உள்ளது ஒன்றை வாங்கிக்கொள்வது நலம்; புதிய பெட்டிகளில் பல, சுழற்றுவதைப் புரிந்துகொள்வதில்லை.

செப்புக் கம்பி இலவசமாய்க் கொடுத்தது

இந்த வரிசைப்படியே நாம் செய்தோம். தலைமுடியைப் போன்ற கண்ணாடி இழை ஒன்று மொட்டைமாடி வழியாக வந்து, கூடத்தில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டியில் முடிந்தது. அப்பெட்டியின் பின்புறத்தில் டெலிபோனைச் செருகினார்கள். புதன்கிழமையன்று புதல்வன் தன் கைபேசியிலிருந்து வீட்டு நம்பரை அழைத்தான், மணி அடித்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். காரியம் முடிந்துவிட்டதென்றே நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு மின்சாரம் நின்றது.

பழைய நாட்களில் மின்சாரம் நின்றால் டெலிபோன் நிற்காது. நிலையத்திலே 48 வோல்ட்டு மின்கலங்களை வைத்து, செப்புக் கம்பியின் வழியாகவே நம் வீட்டு யந்திரத்துக்குச் சக்தி அனுப்பி வந்தார்கள். இத்தனை வருஷமும் அதற்கென்று நாம் ஒரு காசு தனியாகக் கொடுத்ததில்லை; அதைப் பற்றி நினைத்ததுமில்லை. கண்ணாடியோ வெளிச்சத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. வெள்ளைப் பெட்டி நம் வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கிறது. அது அணைந்தால் டெலிபோனும் ஊமை.

நான்கு மணிக்கு அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாலரை ஆயிற்று. நாம் கைபேசியை நீட்டி, "நாமே கூப்பிட்டுவிடலாம், அத்தை" என்றோம். கும்பகோணத்து நம்பரைச் சொன்னார். அங்கே மணி அடித்தவுடன் எடுத்துவிட்டார்கள். ஆனால் சிறிது நேரம் பேச்சே வரவில்லை. பிறகு அந்த அம்மாள் அழும் சப்தம் கேட்டது.

"மூன்று தடவை போட்டேன். மணியே அடிக்கவில்லை. நீ போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

மறுநாளே புதல்வன் கடைக்குப் போய், அந்த வெள்ளைப் பெட்டிக்கென்று ஒரு சிறிய மின்கலப் பெட்டி வாங்கி வந்தான். சில மணி நேரம் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதை மாட்டிவிட்டு, மின்சார விசையை அணைத்து, தன் கைபேசியிலிருந்து வீட்டு நம்பரை அழைத்துப் பார்த்தான். மணி அடித்தது. இரண்டாம் தடவையும் அணைத்துப் பார்த்தான். பிரிட்டனில் டெலிபோன் ஒன்றையே நம்பி வாழ்வோருக்கு, மின்சாரம் நின்றாலும் ஆபத்து அழைப்புகளை ஒரு மணி நேரமாவது செய்ய வழி செய்து தர வேண்டும் என்று கம்பெனிகளுக்கு விதி இருக்கிறது. நம் வீடுகளில் அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பரில் அடித்த வர்தா புயலிலும் கைபேசிகள் ஊமையான நேரத்தைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

மாதச் செலவு குறைந்ததா என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டு ரசீதாக வந்தது ஒன்றாகிவிட்டது, கணிசமாகவே குறைந்திருக்கிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு மின்கலத்துக்குப் போயிற்று. அதைப் பற்றி நம் புதல்வன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை மூன்றரை மணிக்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். புதல்வனும் ஆபீஸ் வேலையை நிறுத்திவிட்டுக் கூடத்தில் வந்து நின்றான். சரியாக நான்கு மணிக்கு மணி அடித்தது. அத்தை எடுத்து, "இருக்கிறேன், இருக்கிறேன்" என்றார்.